சிவப்புக் கோட்டைத் தொட்டால் கிளம்பு: லாபிஸ் வெள்ளத்தில் இரண்டு வீடுகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், லாபிஸ் பட்டணத்தை ஒட்டி ஒரு மலிவு விலைத் தாமான் (குடியிருப்பு). அதில் ஒரே வரிசையில் இரண்டு வீடுகளைப் பற்றியது இந்த ஆய்வு. ஒன்று மூலை வீடு, இன்னொன்று நாலு வீடு தள்ளி நடு வீடு. 2023 மார்ச் 1, புதன்கிழமை, இரண்டு வீட்டுக்குள்ளும் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறியது. மூலை வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே மனைவியைக் கூட்டிக்கொண்டு மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார். நடு வீட்டுக் குடும்பத்தைக் காலை பத்து மணிக்கு மேல் படகு வந்து ஏற்றியது. பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள்.

அவசரப் பை வைத்திருந்தது நடு வீடுதான். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்து, டார்ச் லைட், பேண்டேஜ், பிஸ்கட், மெழுகுவத்தி எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்கள். மூலை வீட்டில் பை என்று ஒன்று கிடையாது. அப்படியிருந்தும் ஏன் இப்படி நடந்தது என்று கேட்டு இரண்டு குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து பேசினேன். யாரென்று தெரியாமலிருக்க ஒன்றிரண்டு அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மணி அடிக்க ஆள் இருந்த காலம்

சிகாமட்டிலிருந்து யோங் பெங் போகும் பழைய கூட்டரசு சாலையில் இருக்கிறது லாபிஸ். ஒரு ரயில் நிலையம், நாலு கடைத்தெரு, அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் செம்பனை. முன்பு பால்மரம் (ரப்பர்). இங்குள்ள நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ தோட்டத்தில் வேலை செய்தவர்கள்தான். லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியே வந்தவர்களுக்கு வாங்க முடிந்தது இந்த மாதிரி மலிவு விலை வீடுகள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். துரை பங்களா எப்போதும் மேட்டில் இருக்கும், லயம் பள்ளத்தில் இருக்கும். வெள்ளம் முதலில் யார் வீட்டுக்கு வரும் என்பது அப்போதே முடிவான விஷயம். ஆனால் தண்ணீர் ஏறினால் கிளம்பச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். மணி அடிக்கும், டிராக்டர் வரும், கிராணி (தோட்டத்து எழுத்தர்) தலை எண்ணுவார், ஏறிப் போய்ப் பள்ளிக்கூடத்திலோ ஸ்டோரிலோ உட்கார வேண்டியதுதான். நல்லதோ கெட்டதோ, முடிவை வேறு யாரோ எடுத்தார்கள்.

தாமானில் அந்த மணி இல்லை. வீடு சொந்தம், வீட்டுக் கடன் சொந்தம், எப்போது கிளம்புவது என்ற முடிவும் சொந்தம். அந்த மூன்றாவதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வரிசையில் நான் பேசிய வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது இதுதான்: "யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னு இருந்தோம்."

தண்ணீர் இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. 2006 டிசம்பர் கடைசியில் ஜொகூர் முழுக்க வெள்ளம். உத்தோர் புயலை ஒட்டி வந்த மழை என்று சொன்னார்கள். சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கின. வடிந்தது என்று வீட்டைக் கழுவி முடித்தவர்கள் வீட்டில், 2007 ஜனவரி நடுவில் மறுபடியும் தண்ணீர் வந்தது. அப்புறம் 2011 ஜனவரி 30. அன்று இந்தப் பக்கத்துத் தெனாங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். வெள்ளத்துக்கு நடுவிலேயே வாக்களிப்பு நடந்ததால் அந்தத் தேதி இந்த ஊரில் யாருக்கும் மறக்காது. அதற்குப் பிறகு பெரிதாக வந்தது 2023-இல். ஜொகூரில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனார்கள்.

பன்னிரண்டு வருட இடைவெளி. ஒரு தலைமுறை மறந்துபோக அது போதும். மறக்காதவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நடு வீட்டில் அந்த ராத்திரி

வீட்டில் ஐந்து பேர். பாட்டி ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, இனிப்பு நீர், இன்சுலின் போடுகிறவர், சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். மகன் லோரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். மருமகள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பேத்தி அந்த நேரத்தில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள் (அந்த ஆண்டு தேர்வு பிப்ரவரி, மார்ச்சில் நடந்தது). பேரன் தொடக்கப் பள்ளி.

பிப்ரவரி கடைசியில் மழை விடாமல் பெய்தது. "தைப்பூசம் முடிஞ்சா மழை முடிஞ்சது" என்று நம்மவர்கள் சொல்வது உண்டு. அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 5-இலேயே முடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை கணக்குப்படி நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். தைப்பூசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

28-ஆம் தேதி ராத்திரி மகன் கிள்ளான் துறைமுகத்தில் இருந்தார். நடு ராத்திரிக்கு மேல் மருமகள் எழுந்தது குளியலறையில் வந்த சத்தத்தால். வாசலைப் போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே தண்ணீர் பளபளக்கிறது, உள்ளே வரவில்லை. ஆனால் குளியலறைத் தரைத் துவாரத்திலும் கழிவறைக் குழியிலும் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது.

வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்து வாசலில் துணி அடைக்கிறோம். தாழ்வான தாமான்களில் அது பெரும்பாலும் முதலில் கழிவுக் குழாய் வழியாகத்தான் வருகிறது. லொங்காங்கும் (வடிகால்) கழிவுத் தொட்டியும் நிரம்பினால் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, வந்த வழியே திரும்பும். தடித்த பிளாஸ்டிக் பையில் பாதி மணல் நிரப்பிக் கட்டி, கழிவறைக் குழியிலும் தரைத் துவாரத்திலும் ஒவ்வொன்று அழுத்தி வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். வெள்ளத்தை அது நிறுத்தாது. சாக்கடை முதலில் ஏறுவதைத் தள்ளிப்போடும், கிளம்ப நேரம் கொடுக்கும். குளியலறையில் தண்ணீர் மேலே வருகிறது என்றால் அதையே முதல் மணியாக எடுத்துக்கொள்ளலாம்.

மருமகள் அந்த மணியைக் கேட்டார். ஆனால் அடுத்த ஐந்து மணி நேரம் போனது இப்படி.

முதலில் கணவருக்கு அழைத்தார். அவர் லோரியைப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. அவரைக் கேட்காமல் மாமியாரை எப்படிக் கிளப்புவது என்று திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். அதற்கிடையில் சாமான்களை மேலே ஏற்றும் வேலை. அரிசிப் பெட்டி, டிவி, சலவை இயந்திரம், சாமி மேடையிலிருந்த படங்கள். குளிர்பதனப் பெட்டியை இரண்டு நாற்காலி மேல் தூக்கி வைக்க அம்மாவும் மகளும் படாத பாடு பட்டார்கள். அது ஏறியது என்னவோ உண்மைதான். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் மிதந்து மல்லாந்து, சமையலறைக் கதவுக்குக் குறுக்கே அடைத்துக்கொண்டது. குளிர்பதனப் பெட்டிக்குள் காற்று இருக்கிறது, அது மிதக்கத்தான் செய்யும். கேஸ் தோங்கும் (சிலிண்டர்) அப்படித்தான், மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை மூடி, ஜன்னல் கம்பியில் கட்டி வைக்க வேண்டும். அந்த வீட்டில் அது குழாயை இழுத்துக்கொண்டு கூடத்தில் சுற்றிவந்ததாகப் பேரன் சொன்னான். அவனுக்கு அது ஒன்றுதான் வேடிக்கையாக நினைவில் இருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தியது பேத்தி. தண்ணீர் கரண்டைக் கால் வந்ததும் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாம். அந்த ராத்திரி அந்த வீட்டில் நடந்த மிகச் சரியான காரியம் அது. கால் ஏற்கெனவே ஈரமாக இருந்தது என்பதுதான் கவலை. தரை காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை, தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தொடவே கூடாது.

அப்புறம் பாட்டி. ஸ்டோர் ரூம் சுவரில் பென்சிலால் போட்ட ஒரு கோடு, பக்கத்தில் '2011' என்று எழுதியிருக்கிறது. முழங்கால் உயரத்தில். பாட்டி கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"அத்தை, தண்ணி வேகமா ஏறுது, கெளம்பிருவோம்."

"அன்னிக்கே முட்டிக்கு மேல வரலம்மா. இதுக்கு மேலயா வந்துறப் போவுது? விடிஞ்சதும் பாத்துக்கலாம்."

மறக்காதவர்களின் சிக்கல் என்று சொன்னேனே, இதுதான். ஒரு தடவை வந்த தண்ணீரின் உயரத்தை, இதற்கு மேல் வராது என்று கோடு போட்டுவிடுகிறோம். ஆனால் பழைய கோடு சொல்வதெல்லாம் இவ்வளவு வரும் என்பதைத்தான். இடையில் மேலே காடு அழிந்திருக்கும், புதுத் தாமான் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருப்பார்கள், லொங்காங் தூர்ந்திருக்கும். 2023-இல் அந்தப் பென்சில் கோடு விடிவதற்கு முன்பே தண்ணீருக்குள் போய்விட்டது.

விடிந்தபோது தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற தண்ணீரில் இடுப்பளவு நடக்கலாம், ஓடும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் போனாலே ஆளைத் தள்ளிவிடும். ஓர் அடி உயரம் ஓடினால் சின்னக் காரை நகர்த்தும். பாட்டியை வைத்துக்கொண்டு அதில் இறங்க முடியாது. 999 அவசர எண்ணுக்கு அழைத்துவிட்டு, சாப்பாட்டு மேசை மேல் பாட்டியை உட்கார வைத்துக் காத்திருந்தார்கள்.

மூலை வீட்டுக்காரர்

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். எழுபதைத் தாண்டிவிட்டார், அவரும் மனைவியும் மட்டும். 2007-இல் இரண்டாவது தடவை தண்ணீர் வந்து, புதிதாக வாங்கிய மெத்தையும் போனபிறகு ஒரு முடிவுக்கு வந்தாராம். வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய லொங்காங்கின் சுவரில், மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, மழை விட்டிருந்தாலும் சரி, பேச்சே கிடையாது.

"அஞ்சாறு தடவை சும்மா போயிருக்கோம். தண்ணி வரல, காலையில திரும்பி வந்து தேத்தண்ணி போட்டுக் குடிச்சோம். பக்கத்துல சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்."

ஐந்தாறு முறை வீணாகப் போனதை அவர் நஷ்டமாக நினைக்கவில்லை. கிளம்பிப் பார்த்ததால்தான் எந்தப் பாதை முதலில் மூழ்கும், கோயில் மண்டபத்துச் சாவி யாரிடம், மோட்டார் சைக்கிளை எங்கே விடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தீயணைப்புப் படை நடத்தும் ஒத்திகைக்குக் கூப்பிட்டால் பாதிப் பேர் வரமாட்டோம். இவர் தன்னாலேயே ஒத்திகை பார்த்துவிட்டார்.

அந்த ராத்திரி மூன்று மணி வாக்கில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். கோடு தெரியவில்லை. இரண்டு பேருடைய அடையாள அட்டை, மருந்து, வங்கிப் புத்தகம், மனைவியின் தாலிச் சங்கிலி, ஒரு கைலி, ஒரு போர்வை. கேஸை மூடி, மெயினை இறக்கி, கதவைப் பூட்டிக் கிளம்பிவிட்டார். டிவியை அவர் தூக்கவே இல்லை. அது போய்விட்டது. கட்டிலும் அலமாரியும் போய்விட்டன. நடு வீட்டிலும் கடைசியில் அவையெல்லாம் போய்த்தான்விட்டன, ஐந்து மணி நேரம் தூக்கியும்.

போகிற வழியில் நடு வீட்டுக் கேட்டைத் தட்டியிருக்கிறார். "என்னம்மா இன்னும் சாமான அடுக்கிக்கிட்டு இருக்க? அத்தைய கூட்டிக்கிட்டுக் கெளம்பு." மருமகள், "அவரு போன் எடுக்கட்டும் மாமா, வந்துர்றோம்" என்றிருக்கிறார். இரண்டு பேருமே இதை எனக்கு ஒரே மாதிரிதான் சொன்னார்கள், யார் மேலும் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், ஓட்டமும் இல்லை. பாட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடத்திக் கூட்டிப் போயிருக்கலாம்.

என் பார்வையில் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான். நடு வீட்டில் இல்லாமல் போனது பொருள் அல்ல. எப்போது கிளம்புவது, அதை யார் சொல்வது என்ற இரண்டு கேள்விக்கும் மழையில்லாத ஒரு நாளில் பதில் எடுத்து வைக்கவில்லை. கணவர் வெளியூரில் இருந்தால் மனைவி சொன்னால் போதும், பாட்டி மறுத்தாலும் கிளம்பலாம் என்று முன்கூட்டியே பேசியிருந்தால், அந்த ராத்திரி அந்தப் பெண்ணின் தோளில் அத்தனை பாரம் இருந்திருக்காது. மாமியார் பேச்சை மீறுவது வெள்ளத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரியும் வீடுகள் நம்மிடம் நிறைய.

பைக்குள் இல்லாதவை

பையைப் படகில் ஏற்றிவிட்டார்கள். மையமாகத் திறந்துவைத்திருந்த பள்ளி மண்டபத்தில் போய் அதைத் திறந்தால் மெழுகுவத்தி இருந்தது, பேண்டேஜ் இருந்தது. தேவைப்பட்டவை வேறு.

பேத்தியின் அடையாள அட்டையும் தேர்வுச் சீட்டும் பள்ளிப் பையில் இருந்தன, பள்ளிப் பை நாற்காலியில் இருந்தது, நாற்காலி தண்ணீரில் இருந்தது. பாட்டியின் இன்சுலின் குளிர்பதனப் பெட்டியில், அதுதான் மல்லாந்து கிடக்கிறதே. மூக்குக் கண்ணாடி தலையணை அடியில். கைப்பேசி சார்ஜர் சுவரில்.

தினமும் கையில் எடுக்கும் சாமானைப் பையில் போட்டுக் கட்டி வைக்க முடியாது. கடைப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. அடையாள அட்டை, மருந்து, கண்ணாடி, சார்ஜர், தேர்வுச் சீட்டு எல்லாம் அந்த ரகம். அவற்றுக்குப் பை உதவாது, இடம்தான் உதவும். இப்போது அந்த வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் கண் உயரத்தில் ஓர் ஆணி அடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். தூங்கப் போகும் முன் ஐந்து பேருடைய அட்டையும் அதற்குள் போக வேண்டும். பேரன் தன் மைகிட்டை (சிறுவர் அடையாள அட்டை) போடுகிறானா என்று பாட்டிதான் பார்க்கிறார்.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. திறக்காத பேனாவைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனா பெரும்பாலான வகைகளில் 4 வாரம் வரை வெளியே, வெயில் படாத இடத்தில் தாங்கும். அதனால் வெள்ள நேரத்தில் நடப்புப் பேனாவைத் தூக்கினாலே அவசரத்துக்குப் போதும். ஐஸ் கட்டிக்குள் புதைத்துக் கொண்டுபோகக் கூடாது, உறைந்த இன்சுலின் கெட்டுப்போய்விடும். அன்று மையத்துக்கு வந்த சுகாதாரக் குழு பாட்டிக்கு மருந்து ஏற்பாடு செய்தது. ஆனால் எந்த மருந்து, எத்தனை அளவு என்று கேட்டபோது யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. கிளினிக் புத்தகம் வீட்டில் மூழ்கியிருந்தது. அதன் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஜொகூர் பாருவில் இருக்கும் நாத்தனாருக்கும் அனுப்பி வைப்பது இரண்டு நிமிட வேலை. வெள்ளம் சிகாமட் வந்தால் ஜொகூர் பாருவில் இருப்பவரின் கைப்பேசியாவது உலர்ந்திருக்கும்.

சாப்பாடு குறையில்லை. வெள்ளிக்கிழமை பாட்டி கவிச்சி தொடமாட்டார், அன்றைக்குப் பொட்டலத்தில் வந்தது கோழி. பையில் இருந்த பிஸ்கட்டும் மைலோவும் அப்போதுதான் உதவின. பையைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன், இந்த ஒரு இடத்தில் அது தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

பத்திரங்கள் பற்றி நம் வீடுகளில் தனியாகப் பேச வேண்டும். அடையாள அட்டை தொலைந்தால் தேசியப் பதிவுத் துறையில் மறுபடி எடுத்துவிடலாம், பேரிடரில் தொலைத்தவர்களுக்குக் கட்டண விலக்கும் கொடுக்கிறார்கள். பாட்டி காலத்துப் பிறப்புப் பத்திரமும் குடியுரிமைச் சான்றிதழும் அப்படி அல்ல. தோட்டத்தில் பிறந்து, தாமதமாகப் பதிந்து, எழுத்து மாறிப்போன பெயரோடு இருக்கும் காகிதம் அது. அதை வைத்துத்தான் பிள்ளைகளின் காகிதம், பேரப்பிள்ளைகளின் காகிதம் எல்லாம் நிற்கிறது. நடு வீட்டில் அது அலமாரியின் கீழ்த்தட்டில், டானிஷ் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. டின் மிதந்ததால் தப்பித்தது, ஓரம் மட்டும் நனைந்தது. ஈரமான காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது, நிதானமாகப் பிறகு பார்க்கலாம். யார் வீட்டிலாவது மின்சாரம் இருந்தால் அங்கே கொடுத்து வைக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

மையத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் சமூக நலத்துறை அதிகாரியிடம் குடும்பத்தைப் பதிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2023-இல் அரசு கொடுத்த வாங் இஹ்சான் உதவித்தொகை 1,000 ரிங்கிட். அதற்குப் பெயர் பட்டியலில் இருக்க வேண்டியிருந்தது. உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் வீடு மூழ்கியதை அப்புறம் காட்ட அலைய வேண்டியிருந்தது. எங்கே போய்த் தங்கினாலும் மையத்தில் ஒரு தடவை பெயர் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

வீட்டுக்குத் திரும்பியதும் மகன் செய்த முதல் காரியம், துடைப்பத்தை எடுக்காமல் கைப்பேசியை எடுத்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கெட்டுப்போன ஒவ்வொரு சாமான், அதன் ஓரத்தில் உள்ள வரிசை எண் எல்லாவற்றையும் படம் எடுத்தார். அதன்பிறகு காவல் நிலையத்தில் ஒரு புகார். கழுவிவிட்ட வீட்டுக்கு யாரும் நஷ்டக் கணக்குப் போடமாட்டார்கள்.

காருக்கு அது உதவவில்லை. பழைய மைவி, முழுக் காப்புறுதி இருந்தது. ஆனால் வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்கான 'பெஞ்சானா காஸ்' என்ற கூடுதல் காப்பு எடுக்கவில்லை. முழுக் காப்புறுதி என்றால் முழுக்க என்றுதான் அவர் நினைத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. பல நிறுவனங்களில் அந்தக் கூடுதல் காப்புக்குக் காப்புத் தொகையில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை வாங்குகிறார்கள். 20,000 ரிங்கிட் காருக்கு 40 முதல் 100 ரிங்கிட். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்தப் பெருவெள்ளத்தில் நாடு முழுக்க ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வாகனங்கள் மட்டும் 100 கோடி. வீட்டுக்கும் அப்படித்தான். அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி என்ற விரிந்த திட்டத்தில்தான் வரும். கடன் கொடுத்த வங்கி எதை எடுத்து வைத்திருக்கிறது என்று பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அந்த வரிசையில் ரொம்பக் குறைவு. மூழ்கிய காரை ஓடுகிறதா பார்ப்போம் என்று முடுக்கியதில் எஞ்சினுக்குள் தண்ணீர் போனது தனிச் செலவு. முடுக்காமல் இழுத்துப் போயிருக்க வேண்டும்.

சேறு காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். மூலை வீட்டுக்காரர் தண்ணீர் கணுக்காலளவு இருக்கும்போதே வந்து, அந்தத் தண்ணீரையே வைத்துச் சேற்றைத் தள்ளிவிட்டார், பாதி வேலை மிச்சம். பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் செய்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எலிக் காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பெனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போய், வெள்ளத் தண்ணீரில் இறங்கியதைச் சொல்ல வேண்டும். மின்சாரத்தை வயர்மேன் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் ஏற்றினார்கள். பிளக் பாயிண்டுக்குள் ஒரு கைப்பிடி மண் இருந்ததாம்.

இப்போது அந்த வரிசையில்

நடு வீட்டில் செய்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது கைப்பேசி ஏற்பாடு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஒவ்வோர் ஆற்றின் மட்டத்தையும் நாலு படியாகக் காட்டுவார்கள்: சாதாரணம், வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). வானிலைத் துறையின் மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். பேத்திதான் அதைப் பார்க்கும் பொறுப்பாளர். தங்கள் பக்கத்து ஆற்று மட்டம் அமாரானுக்குப் போனால், அல்லது மூலை வீட்டு மாமாவின் சிவப்புக் கோடு மறைந்தால், இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அப்போது கிளம்ப வேண்டும். வலைத்தளம் நின்றுபோனாலும் கோடு இருக்கும். ராத்திரியில் கோட்டைப் பார்க்க முடியாவிட்டாலும் குளியலறைத் துவாரம் சொல்லிவிடும்.

யார் சொல்வது என்பதையும் முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் யார் பெரியவர் என்பது கணக்கில்லை, வீட்டில் யார் விழித்திருக்கிறார்களோ அவர் சொன்னால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். மகன் இதை லோரியிலிருந்து கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். பாட்டி ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாளானது. அவர் வைத்த நிபந்தனை, சாமி படத்தில் ஒன்றாவது கூட வர வேண்டும் என்பது. சின்ன முருகன் படம் ஒன்று இப்போது ஆணியில் தொங்கும் பைக்குள் இருக்கிறது.

சாமான் தூக்கும் பட்டியலை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். கேஸ் தோங்கு கட்டுவது, மெயின் இறக்குவது, மணல் பை வைப்பது. குளிர்பதனப் பெட்டி பட்டியலில் இல்லை. அடுத்த தடவை அது மிதக்கட்டும் என்றார் மருமகள்.

செய்ய முடியாமல் கிடப்பதும் இருக்கிறது. பின்பக்க லொங்காங்கில் பாதி தூர்ந்து கிடக்கிறது. எழுதிக் கொடுத்தார்கள், ஒரு தடவை வந்து அள்ளினார்கள், மறுபடி மண் சேர்ந்துவிட்டது. வரிசையின் கடைசி வீட்டில் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த நேப்பாளத் தம்பிகள் ஏழெட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் யாரும் இல்லை, மலாயில் வரும் எச்சரிக்கையும் அவர்களுக்குப் போய்ச் சேராது. மூலை வீட்டுக்காரர் கிளம்பும்போது அந்தக் கதவையும் தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வெளியூர் போயிருந்தால் யார் தட்டுவது என்று இன்னும் பேசவில்லை. நவம்பருக்கு முன்னால் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்றிருக்கிறார்கள், அந்தத் தம்பிகளில் ஒருவரையும் கூப்பிட்டு.